முப்பதாவது தளம்

பழைய அடுக்ககங்களை இடித்துக் கோபுரம் எழுப்பும் வேலையில் மேகலா பதினோரு வருடமாக இருந்தாள். இடம்மாறினால் ஒவ்வொருவருக்கும் என்ன ஆகும் என்று இப்போது கணினி முன்கூட்டியே சொல்லிவிடும். பாதிக்கப்படுகிறவர் சம்மதிக்காமல் இடிக்க முடியாது.

இந்த அடுக்ககத்தில் முந்நூறு குடும்பங்களுக்கும் நன்மைதான். நான்காம் மாடியில் தனியாக வாழும் ஆசீர்வாதம் மட்டும், பக்கத்தில் ஏற்கெனவே கட்டி முடித்திருந்த புதுக் கோபுரத்தின் முப்பதாவது தளத்தில் பேச ஆளில்லாமல் சில மாதங்களில் இறந்துபோவார். அதை அவரிடம் சொல்லிவிட்டு மேகலா சம்மதப் படிவத்தை மேசைமேல் வைத்தாள்.

"வேணாம்னு சொல்லிடுங்கய்யா. வேலையே நின்னுடும்."

"கீழ்வீட்டுப் புள்ளைங்களுக்கு இந்த ஈரச் சுவத்தாலதானம்மா மூச்சிரைப்பு? அங்க போனா சரியாயிடுமா?"

"ஆயிடும்."

அவர் பேனாவை வாங்கினார். "கிறிஸ்மஸுக்கு துபாய்லேர்ந்து எம்பொண்ணு வர்றா. அதுவரைக்கும் இருப்பேனா?"

கணினி நவம்பர் என்று சொல்லியிருந்தது.

"இருப்பீங்கய்யா."

அவர் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டு மேகலா இரண்டு மாடி இறங்குவதற்குள் அலுவலகத்திலிருந்து வாழ்த்து வந்தது. அவள் படியில் உட்கார்ந்து, கோப்பிலிருந்த அவர் மகளின் எண்ணை அழைத்தாள்.

"அக்கா, டிக்கெட்டை அக்டோபருக்கு மாத்திக்கங்க" என்றாள். அதற்குமேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.