பிளாஸ்க் மூடியில் தண்ணீர்

அடுத்த அறையில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. இந்த அறையில், மூச்சில்லாமல் பிறந்த மகள் வெள்ளைத் துண்டுக்குள் தாயின் மடியில் கிடக்கிறாள். கணவன் பிளாஸ்க் மூடியில் தண்ணீரை ஊற்றிப் போதகரிடம் நீட்டுகிறான். அவர் வாங்கவில்லை. “ஞானஸ்நானம் உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் தம்பி. பாப்பா ஏற்கெனவே கர்த்தர்கிட்ட இருக்கா.” கல்யாணமான நாளிலிருந்து அவர் ஞானஸ்நானத்துக்கு அழைக்கும்போதெல்லாம் “பாக்கலாம் ஐயா” என்று நழுவிய தாய் இப்போது நிமிர்கிறாள். “அப்ப எனக்குக் குடுங்க.” போதகர் அவளையே பார்க்கிறார், பிறகு மூடியை வாங்குகிறார். பிதாவின் பெயரைச் சொல்லத் தொடங்குகிறார். அவள் மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்துகொள்கிறாள். உச்சியில் வார்த்த நீர் நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் தயங்கி, சின்ன நெற்றியில் சொட்டுகிறது. நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு பாப்பாவின் நெற்றியைத் துடைக்க வருகிறாள். “இருக்கட்டும்மா,” என்கிறார் போதகர்.