சாம்பல்குருவியின் அடையாளம்

உண்ணிச்செடிப் புதர் தனக்கே சொந்தம் என்று இறுமாந்திருந்தது ஒரு கொண்டைக்குருவி. முதல் பனியோடு வடக்கேயிருந்து வந்த சாம்பல்குருவி ஒன்று அதனிடம் தங்க இடம் கேட்டது.

"முதல்ல ஒரு பாட்டுப் பாடு. நீ யாருன்னு தெரிஞ்சுக்கறேன்."

"எங்களுக்குக் கூடு கட்டற ஊர்லதான் பாட்டு வரும், அண்ணே. இங்க, இந்தப் பனியில வராது."

"ஊமைக்கு உள்கிளை எதுக்கு?" என்று சொல்லி, கொண்டைக்குருவி அதை வெளிக்கிளையில் உட்கார வைத்தது. பனி முழுக்க அதன் முதுகில்தான் இறங்கியது.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் புதரோரம் அப்படியொரு பாட்டு கேட்டது. கொண்டைக்குருவி அடித்துப்பிடித்து வெளியே வந்தது.

"யாருங்க பாடறது? உள்ள வாங்க!" என்று சாம்பல்குருவியின் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தது.

பாட்டு நின்றது. "ஊர் ஞாபகம் வந்துடுச்சு, கிளம்பறேன் அண்ணே" என்று சாம்பல்குருவி பறந்தது. நிறுத்திய இடத்திலிருந்து பாட்டும் அதோடு வானத்தில் தொடர்ந்து போனது.

அடுத்த பனிக்கு உள்கிளை காலியாகக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. பொறுக்க மாட்டாமல், தோப்பெல்லாம் சுற்றுகிற அணிலிடம் அந்தக் குருவியைத் தேடச் சொன்னது கொண்டைக்குருவி.

"அடையாளம் சொல்லு. கண்ணுக்கு மேல கோடு இருந்துச்சா? இறக்கையில பட்டை? கால் என்ன நிறம்?"

ஒரு பனிக்காலம் முழுக்க எதிரிலேயே இருந்த குருவி. கொண்டைக்குருவி எவ்வளவோ யோசித்தது.

"நல்லாப் பாடும்" என்றது கடைசியில்.

"இந்தப் பனியிலயா?" என்று கேட்டது அணில்.