நூற்று முப்பது வயது ஓட்டை

“இந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. இதுக்கு நூத்தி முப்பது வயசு” என்றார் தொடாதே மேடம்.

யூனிட் சாருக்குத் தலை சுற்றியது.

இரண்டுமே அந்தப் பழைய நூலகத்தின் ஊழியர்கள் வைத்த பெயர்கள். சார், மின்சாரச் சிக்கனத்துக்காக அனுப்பப்பட்ட இன்ஜினியர். எதைப் பார்த்தாலும் “இது எத்தனை யூனிட் இழுக்கும்?” என்பார். மேடம், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையின் அதிகாரி. யார் எதன் மேல் கை வைத்தாலும் “தொடாதீங்க!” என்பார்.

ஆறு மாதமாக இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

சார் அலுமினிய ஜன்னல் கேட்டார்.

“மரச் சட்டத்தைத் தொடாதீங்க. இடுக்குல ரப்பர் பட்டை ஒட்டுங்க, போதும்.”

ஃபால்ஸ் சீலிங் கேட்டார்.

“மேல இருக்கிற மர வேலைப்பாட்டை மூடவா? ஓட்டுக்கு அடியில சூடு தடுக்கிற விரிப்பு போடுங்க.”

ஓர் ஆணி அடிக்கக்கூட மனு போட வேண்டியிருந்தது. மேடத்திடமிருந்து வாரத்துக்கு இரண்டு கடிதம் வேறு. எல்லாமே ‘தொடாதே’தானே என்று, கடைசியில் பிரிக்காமலே டிராயருக்குள் போட ஆரம்பித்துவிட்டார் யூனிட் சார்.

அப்படியும் மின்செலவு பாதியாகக் குறைந்திருந்தது. நாளை காற்றுக் கசிவுச் சோதனை. வாசலில் ராட்சத விசிறி ஒன்றை வைத்து, கட்டடத்தில் எங்கெல்லாம் காற்று ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். தேறினால் கட்டடத்துக்கு ஐந்து நட்சத்திரம், யூனிட் சாருக்குத் தலைமை இன்ஜினியர் பதவி. பன்னிரண்டு வருஷமாக அதற்காகத்தான் காத்திருக்கிறார் மனிதர்.

இந்த நேரம் பார்த்து இந்த ஓட்டை. படிக்கும் கூடத்தில் ஓர் அலமாரியை நகர்த்தியபோது கண்ணில் பட்டது. முன்சுவரில், முழங்கால் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு. ஏசி காற்று அது வழியாக ஜாலியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

“இது வெறும் ஓட்டை, மேடம்.”

“காற்றுத் துவாரம். அந்தக் காலத்துலயே எப்படி யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க.”

“இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒண்ணே ஒண்ணா?”

“அதனாலதான் அபூர்வம்.”

“டிரில் போட்ட மாதிரி வட்டமா இருக்கே!”

“அந்தக் காலத்துக் கொத்தனாருக்குக் கை அவ்வளவு சுத்தம்.”

சொன்னதோடு நிற்கவில்லை. கையெழுத்தும் முத்திரையுமாக நாலு பக்க அறிக்கையை நீட்டினார். அதில் ஓட்டையின் அழகைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம்.

யூனிட் சார் கெஞ்சிப் பார்த்தார்.

“மேடம், ஒரு வாட் வீணாப் போனாலும் எனக்கு மனசு தாங்காது. வந்த முதல் நாளே வயரிங் படத்துல பார்க்கிறேன், கட்டடத்துக்கு வெளியில ஒரு ஃபேன்! யாருக்கு அது? காக்காய்க்கா? உட்கார்ந்த இடத்துலயே சிவப்பு மையில ஒரு கோடு. மறுநாள் கழட்டியாச்சு.”

“கேள்விப்பட்டேன். பெரிய சாதனைதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மேடம்.

யூனிட் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலிடத்துக்கு ஒரு புகார் தட்டிவிட வேண்டியதுதான். ஓட்டையை வெளிப்பக்கமிருந்து நாலு போட்டோ எடுத்தால் மேடத்தின் சாயம் வெளுத்துவிடும்.

வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. முன்சுவரை ஒட்டி வாட்ச்மேனின் தகரக் கூண்டு. ஓட்டை அதற்குள்தான் திறக்க வேண்டும். ஆறு மாதத்தில் அந்தக் கூண்டுக்குள் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

குனிந்து உள்ளே நுழைந்தார். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் இறங்கியது போல இருந்தது. வாட்ச்மேன் ஓட்டைக்கு முதுகைக் கொடுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“வாங்க சார், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இங்க மட்டும்தான் சில்லுனு இருக்கும்.”

“அது இருக்கட்டும். இந்த ஓட்டை எப்ப வந்தது?”

“போன வருஷம் சார். ஏசி மாட்ட வந்த ஆளு அளவு தப்பி சுவத்துல துளை போட்டுட்டான். சாக்கைச் சுருட்டி அடைச்சு வச்சிருந்தோம்.”

யூனிட் சாருக்குக் குஷி தாங்கவில்லை. “மேடத்துக்கு இது தெரியுமா?”

“தெரியாம என்ன சார்? சாக்கைப் பிடுங்கிப் போட்டதே அவங்கதான்.”

சிக்கிக்கொண்டார் மேடம்! யூனிட் சார் போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு முன்னால் நீட்டினார்.

“விவரமா சொல்லுங்க.”

“போன மாசம் சூடு தாங்காம இங்கயே மயங்கி விழுந்துட்டேன் சார். மேடம்தான் தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க. ‘இங்க ஒரு ஃபேன் இருந்துச்சே, எங்க?’ன்னு கேட்டாங்க. தேவையில்லைன்னு யாரோ கழட்டிட்டாங்கன்னு சொன்னேன். திரும்ப மாட்டச் சொல்லி உங்க ஆபீசுக்கு மூணு லெட்டர் போட்டாங்களாம். பதிலே வரலையாம். அதுக்கப்புறம்தான் சார் இந்த ஓட்டைக்கு வயசை ஏத்தினாங்க.”

யூனிட் சாரின் கையில் ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் ஸ்டூலைத் துண்டால் துடைத்து, ஓட்டைக்கு நேராக நகர்த்திப் போட்டார்.

“உக்காருங்க சார், உங்களுக்கு எப்படி வேர்க்குது பாருங்க! ஆமா, அந்த ஃபேனைக் கழட்டச் சொன்ன புண்ணியவான் யாரு சார்? உங்களுக்குத் தெரியுமா?”