பேசவிடாதவள்

பளாரென்று விழுந்தது அறை. டம்ளர் தெறித்து, டீ முழுக்க அவன் சட்டையில் கொட்டியது.

காவலூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறைந்தவள் கெங்கம்மாள். கொஞ்சம் சாமைக் காடும் நாலு புளியமரமும் வைத்திருக்கிற மலைக்காரி, புருஷன் இல்லாதவள். அறை வாங்கியவன் ஆறேழு மாதமாக அவளிடம் வேலை செய்கிற ஆள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். மொட்டைத் தலை. விந்தி விந்தித்தான் நடப்பான். ஊமை என்று அவள்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

கடைக்காரர் தசரதன் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா என்றார். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குத்தான் அந்த அடி.

"இன்னா கெங்கம்மா, மாடா அவன்? வாயத் தொறந்தா அடிக்கிறே?"

"என் ஆளு. நான் அடிப்பேன். நீங்க டீயை ஆத்துங்க."

காலிச் சாக்கை அவன் தோளில் போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தசரதனுக்கு மனசே ஆறவில்லை. ஒடுகத்தூரிலிருந்து வந்து மலையில் கடை போட்ட மனுஷர். நல்லவர்தான். ஆனால் டீ ஆறினாலும் அவர் வாய் ஆறாது. அவன் ஊமையே இல்லை, எங்கிருந்தோ பிடித்து வந்து கொத்தடிமையாக வைத்திருக்கிறாள், பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அடிக்கிறாள் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அது எண்பத்தைந்து, எண்பத்தாறு சமயம். கடல் தாண்டி வந்து மலைக்காட்டில் முகாம் போட்டிருந்த இயக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் அரிசி, பருப்பு வாங்க ஜீப்பில் போகும்போது அவர் கடையில் நிற்பார்கள். பின்னால் சாக்குப் போட்டு மூடியிருப்பது துப்பாக்கிதான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. தசரதனுக்கு அவர்கள் என்றால் உயிர். காசே வாங்கமாட்டார்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது பேப்பரை விரித்துக் காட்டினார். இயக்கங்கள் எல்லாம் சண்டையை விட்டுக் கைகோத்துவிட்டனவாம். தமிழனுக்கு இவ்வளவு, முஸ்லிமுக்கு இவ்வளவு, சிங்களவனுக்கு இவ்வளவு என்று அதிகாரத்தைப் பங்கு பிரிக்கப் பேச்சு நடக்கிறதாம். இனிமேல் உங்களுக்குள் அடிதடி இல்லை என்று பூரித்துப் போனார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஒரு நாட்டுக்கே நியாயம் கேக்கிறவங்க நீங்க. இங்க ஒரு அநியாயம் நடக்குது, அதையும் கொஞ்சம் கேளுங்க" என்று தொடங்கி, கெங்கம்மாள் கதை முழுவதையும் சொன்னார்.

மூத்தவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கதைக்கவே விடுறதில்லையோ? கால் ஏலாதவனோ?"

"ஆமாங்க. பாவம்."

"எந்த இடத்திலை அண்ணை?"

தசரதன் ரோடு வரை வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் தெரிந்த ஒற்றைக் கூரையைக் கை நீட்டிக் காட்டினார். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடம் அதே பேச்சுதான். அந்தப் பிள்ளைக்கு இன்றோடு விடிவுகாலம் என்றார்.

மறுநாள் காலையில் கெங்கம்மாள் தனியாக வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையெல்லாம் மண். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று தசரதன் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவளோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து அந்த ஜீப்புக்காரங்க ரெண்டு பேர் வந்தாங்க தம்பி. அவனைப் பேசச் சொன்னாங்க. ஊமைன்னேன். நம்பல. என் நெத்தியில துப்பாக்கிய வச்சாங்க. 'அம்மாவை விடுங்கோ'ன்னு அவனே பேசிட்டான். அந்த ஒரு பேச்சுதான். சுட்டுட்டாங்க."

தசரதன் நேற்றைய பேப்பரைத் தேடி எடுத்தார். "அவங்க எல்லாம் ஒண்ணு சேந்துட்டாங்கன்னு பேப்பர்ல..."

"எனக்கு இன்னா தெரியும்? இவனும் அந்த நாடுதான். வேற கட்சியாம். கால்ல குண்டோட என் சாமைக் காட்டுல கெடந்தப்ப சொன்னான். வாயத் தொறந்தா எந்த ஊர்னு தெரிஞ்சிடும், தேடி வந்துடுவாங்கன்னு அன்னிக்குப் பொத்தினேன் அவன் வாயை. மறந்து பேச வருவான். அறைவேன். அடிக்கிற கை எனக்கு எரியும் தம்பி."

யார் காட்டிக் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. நான்தான் என்று சொல்லிவிட தசரதன் வாயெடுத்தார். கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவினார்.

"குழி வெட்டியாச்சு. உங்களால ஒரு உதவி ஆவணும். எங்க மலையில பேரைச் சொல்லிக் கூப்ட்டுட்டுத்தான் மண்ணு தள்ளுவோம். இல்லாட்டி போற வழி தெரியாம அலைஞ்சிட்டு இருக்கும். அந்த ஜீப்புக்காரப் பசங்க உங்ககிட்ட நல்லாப் பேசுவாங்களே, தேடி வந்து சுட்டவங்களுக்கு அவன் பேரு தெரியாமலா இருக்கும், கேட்டுச் சொல்லுங்க."

"பேரா? உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என் வாயில வந்துடுமேன்னு, அதைக்கூட நான் அவனைச் சொல்ல விடலியே தம்பி."