ஐந்து மில்லியன் டாலர் குடை

"யாராவது அடிபட்டு வழக்குப் போட்டா உங்க மூணு வாடகை வீடும் போயிடும், மிஸ்டர் கோவாச். வீட்டுக் காப்பீட்டுப் பணம் பத்தாதப்போ அதுக்கு மேலே விரிக்கிற குடைக் காப்பீடு இது. அஞ்சு மில்லியன் டாலருக்கு எடுங்க," என்றாள் காப்பீட்டு முகவர் மார்சி.

"ஒரு மில்லியனே போதும். இந்த பால்கனி எவ்வளவு உறுதி, பாரும்மா!" என்று கோவாச் கைப்பிடிக் கம்பியை ஓங்கி உதைத்தார்.

கம்பி பறந்தது. பலகை பிளந்தது. மூன்றாவது மாடியில் ஒற்றைக் கையால் தொங்கினார் கோவாச். நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது.

"நான் செத்தா எவ்வளவு வரும்?"

"உங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. நீங்க யார் தலையில விழறீங்களோ, அவங்களுக்குத்தான்."

கோவாச் கீழே பார்த்தார். தரைத்தளத்தில் குடியிருக்கும் வக்கீல் பிரெண்டன் புல்வெளியில் நின்றிருந்தார்.

"ஐயோ, வக்கீலா! அஞ்சு மில்லியனாவே போடும்மா!"

மார்சி நீட்டிய கைபேசியில் கோவாச் மூக்கைத் தேய்த்துக் கையெழுத்திட்டார்.

"கையெழுத்து ஆயிடுச்சா?" என்று கீழிருந்து கேட்ட வக்கீல், நாற்காலியை அவருக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.