வள்ளத்து முடிச்சு

கோட்டையில் ஏற்றவேண்டிய காலைக் கொடியைக் கையில் வாங்கியபோதுதான் அந்த வள்ளத்துப் பாயைப் பார்த்தான்.

கடலில், வெகு தூரத்தில். பழுப்புப் பாய். நடுவில் சிவப்பு ஒட்டு.

அம்மா செத்த பிறகு அவளுடைய சேலையைக் கிழித்து அவனே தைத்த ஒட்டு அது. தம்பி கதிர்காமனின் வள்ளம். கருவாடு ஏற்றிக்கொண்டு நாகூருக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. இந்த உலகத்தில் அவனுக்கென்று இருப்பது அந்த வள்ளத்தில் வருகிறவன் மட்டும்தான்.

போகும்போதே பேசி வைத்திருந்தார்கள். சண்டைக் காலம். கோட்டையில் கொடி பறந்தால் கரைக்கு வா. கம்பம் மொட்டையாக நின்றால் திரும்பிப் போய் அக்கரையிலேயே இருந்துவிடு.

கோட்டை டச்சுக்கார ஒல்லாந்தருடையது.

நேற்று மதியம் வரைக்கும்.

இப்போது உள்ளே பிரெஞ்சுக்காரர்கள். ஒல்லாந்தர்கள் தங்கள் கிடங்கிலேயே பூட்டப்பட்டுக் கிடந்தார்கள். ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் கொடி ஏற்ற ஒருவன் வேண்டுமே. அவனை மட்டும் விட்டு வைத்தார்கள்.

கையில் கொடுத்ததோ பழைய ஒல்லாந்துக் கொடி.

"அதையேதான் ஏத்தணும்" என்றார், புதுச்சேரியிலிருந்து அவர்களோடு மொழிபெயர்க்க வந்த துபாஷி. "கோட்டை கைமாறினது தெரியாம வள்ளமெல்லாம் உள்ள வரும். சரக்கும் நமக்கு, ஆளும் நமக்கு. கப்பல்ல வேலைக்கு ஆள் பத்தல."

நமக்காம்.

அவன் கயிற்றை எடுத்தான். பதினோரு வருடமாகக் கொடிக்குப் போட்டது இறுக்கு முடிச்சு. புயலிலும் அவிழ்ந்ததில்லை.

இன்று வள்ளத்து முடிச்சுப் போட்டான். பாய்க்குப் போடுவது. காற்று முரண்டு பிடித்தால் ஒரே உதறலில் விட்டுக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் வள்ளம் கவிழும். அந்தக் கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். துபாஷிக்குத் தெரியாது.

கொடி ஏறியது. பாதிக் கம்பத்தில் காற்று வாங்கியது. உதறியது.

விழுந்தது.

கயிற்றின் நுனி உச்சிக் கப்பியிலிருந்து உருவிக்கொண்டு கீழே வந்து சுருண்டது.

சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் இடித்தான். கயிற்றை மறுபடி கோக்க யாராவது கம்பத்தில் ஏறவேண்டும். ஏறத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஏறினான். அவ்வளவு மெதுவாக அவன் ஏறியதே இல்லை.

வள்ளம் குடா வாய் வரை வந்துவிட்டிருந்தது. உச்சியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கதிர்காமன் எழுந்து நின்றிருந்தான். மெலிந்திருந்தான். நெற்றியில் கை வைத்துக் கம்பத்தையே பார்த்தான்.

கை காட்டினால் வந்துவிடுவான்.

இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டான்.

பாய் திரும்பியது. சிவப்பு ஒட்டு கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அவனுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும் வரை கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்து இறுக்கு முடிச்சே போட்டான். கொடி நன்றாகப் பறந்தது.

"அங்க ஒரு வள்ளம் வந்துதே. யாரோடது?" என்றார் துபாஷி.

அவன் கடலைப் பார்க்கவில்லை.

"ஆரோ அசலூர் ஆக்கள், ஐயா."