பின்வாங்கிய குதிரை

ஸ்வெர்ட்லின் சதுரங்கக் கடிகாரத்தை நிறுத்தினார். தோல்வியை ஒப்புக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கை கொடுக்கவில்லை.

"இந்தக் குதிரையை மெஷின் நகர்த்தல. உள்ளே எந்த கிராண்ட்மாஸ்டரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க? பேரை மட்டும் சொல்லுங்க."

கிளீவ்லண்ட் ஹோட்டல் அரங்கில் நானூறு பேர்.

மெஷினுக்குப் பாயத்தான் தெரியும், பின்வாங்கிக் காத்திருக்கத் தெரியாது என்று அவர் நடுவரிடம் விளக்கினார். முப்பத்தோராவது நகர்த்தலில் அது குதிரையைக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டது. நாற்பது நிமிடம் யோசித்தும் அவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கவில்லை.

மெஷினை உருவாக்கிய எங்கள் குழுவின் தலைவர் டென்னிஸின் முகம் சிவந்துவிட்டது. ஆறு வருட உழைப்பை ஒருவர் மேடையிலேயே திருட்டு என்கிறார். மெஷினின் நகர்த்தல் பதிவை இப்போதே அச்சிட்டு எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம் என்றார்.

தாள் வந்தது. என்னிடம் நீட்டினார்.

"சத்தமா வாசி, நோரா."

மெஷினுக்குக் கை கிடையாது. திரையில் அது காட்டுவதைப் பார்த்துப் பலகையில் காய் நகர்த்துவது என் வேலை.

கடைசி வரியைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

குதிரை, எஃப் ஆறு.

பலகையில் குதிரை கடைசி வரிசையில், எஃப் எட்டாம் கட்டத்தில் நின்றது.

திரையில் இருந்த ஆறை எட்டு என்று படித்திருக்கிறேன்.

தாள் என் கையில் மட்டும்தான் இருந்தது. எட்டு என்றே வாசித்துவிடலாம். டென்னிஸ் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு என்று வாசித்தேன். நான்தான் மாற்றி வைத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

டென்னிஸ் தாளை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தார்.

ஸ்வெர்ட்லின் குதிரையை எடுத்து ஆறில் வைத்தார். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ராணியைப் பலி கொடுத்து, நான்கே நகர்த்தலில் மெஷினின் ராஜாவை மடக்கிக் காட்டினார்.

நடுவர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

ஸ்வெர்ட்லின் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. காய்களைப் பழையபடி அடுக்கி, குதிரையை மீண்டும் எட்டில் வைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை பார்த்தும் வழி இல்லை.

பிறகு நிமிர்ந்து, எத்தனை வருடமாக ஆடுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

பதினோரு நாளாக, என்றேன்.